அஞ்சாத தொண்டர் அனந்தாழ்வான்

திருவரங்கத்தில் ஸ்ரீராமானுஜர் (1017–1137) தம் சீடர்களுக்குத் திருவாய்மொழியின் பொருளை விளக்கி வந்த காலம் அது. திருவேங்கடமுடையானுக்கு இடையறாது தொண்டு செய்ய நம்மாழ்வார் விழையும் பகுதி வந்தது. திருமலையிலேயே தங்கி, நந்தவனம் அமைத்துப் பெருமானுக்கு மாலை கட்டித்தர யார் செல்வார் என்று ஆசாரியர் வினவினார். அவையில் எவரும் வாய் திறக்கவில்லை. அந்நாளில் திருமலை கடுங்குளிரும் அடர்ந்த காடும் நச்சுயிர்களும் நிறைந்த இடம். அவர்களுடைய தயக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. கர்நாடகப் பகுதியிலிருந்து வந்த அனந்தாழ்வான் ஒருவரே எழுந்தார். இவரே ஆண்பிள்ளை என்று ஆசாரியர் பாராட்டினார். அப்பெயர் அவருக்கு நிலைத்தது.

2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய அந்த மலையில், அவர் மனைவியுடன் குடியேறினார். செடிகளுக்கு நீர் வேண்டும். ஆகவே ஏரி ஒன்றை வெட்டத் தொடங்கினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த மனைவி அதைக் கூடையில் சுமந்து சென்று கொட்டினார். அவரது துன்பம் கண்டு சிறுவன் ஒருவன் உதவ வந்தான். தொண்டில் பிறருக்குப் பங்களிக்க விரும்பாத அனந்தாழ்வான் அவனைத் தடுத்தார். அவனோ மறைவாக மண் சுமந்தான். அதையறிந்து சினந்த அவர் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டுக் குருதி பெருகியது. அவன் ஓடி மறைந்தான். பின்னர் சந்நிதியில் பெருமானின் திருமோவாயில் குருதி வழிவதை அர்ச்சகர்கள் கண்டனர். செய்தி கேட்ட அனந்தாழ்வான் நடுநடுங்கிப் போனார். காயத்தில் பச்சைக் கர்ப்பூரம் சாத்தப்பட்டது. தண்டனை எதுவும் வரவில்லை.

பலனை வேண்டிச் செய்யும் கர்மங்களில் மந்திரமோ முறையோ பிழைபட்டால் கேடு விளையும் என்பது பழைய எச்சரிக்கை. பூஜையில் தவறு நேர்ந்துவிடுமோ என்று இன்றும் பலர் அஞ்சுவது அதனால்தான். கீதையின் 2-ஆம் அத்தியாயம் 40-ஆம் சுலோகமோ, பற்றற்றுச் செய்யும் யோகத்தில் முயற்சி வீணாவதில்லை, எதிர்விளைவும் இல்லை என்று அபயமளிக்கிறது. அனந்தாழ்வானின் பிழை சிறிதன்று. ஆயினும் அன்பில் பிறந்த அப்பிழையைப் பெருமான் தமக்கு அணிகலனாக ஏற்றார்.

ஒருநாள் நந்தவனத்தில் அவரைப் பாம்பு தீண்டியது. உடனிருந்தோர் விஷத்தை இறக்க விரைந்தனர். அவரோ நீராடிவிட்டு வழக்கம்போல் மாலையுடன் சந்நிதிக்குச் சென்றார். அஞ்சாத காரணத்தைப் பெருமானே கேட்டார் என்பது குருபரம்பரை வழக்கு. கடித்த பாம்பு வலிமை மிக்கதாயின் விரஜையில் நீராடி வைகுந்தத்தில் தொண்டு செய்வேன், கடிபட்ட பாம்பு வலிமை மிக்கதாயின் கோனேரியில் நீராடி இங்கேயே தொண்டு செய்வேன் என்ற கருத்தில் அவர் விடை பகர்ந்தார். கடிபட்ட பாம்பு என்றது தம்மையே. இது மருத்துவத்தை மறுக்கும் உபதேசமன்று. பாம்புக்கடிக்கு உடனே சிகிச்சை பெறுவதே நம் கடமை. அவர் உரைத்தது தம் நிலையை: இரு கரைகளிலும் அவருக்குக் காத்திருந்தது ஒரே தொண்டுதான்.

பின்னாளில் திருமலைக்கு எழுந்தருளிய ராமானுஜர், தம் பெயர் தாங்கிய அந்த ஏரியையும் பூத்துக் குலுங்கிய நந்தவனத்தையும் கண்டு உள்ளம் நிறைந்தார். கோயிலின் மகாத்வாரத்தில் நுழைவோர் இன்றும் சுவரில் அக்கடப்பாரையைக் காணலாம். மூலவரின் மோவாயில் பச்சைக் கர்ப்பூரம் இன்றும் சாத்தப்பட்டு வருகிறது.