கீரைச் சத்தில் பிறந்த புற்றுநோய் மருந்து
டாக்டர் சுப்பாராவின் வாழ்க்கை

மேற்கே மலைச் சரிவெங்கும் ஏலத் தோட்டங்கள். அடிவாரத்தில் போடிநாயக்கனூர். பொழுது விடியும் முன்பே பெண்கள் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்குப் போகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி கர்ப்பமாக இருந்தால், சுகாதார நர்சு அவளுக்கு மாத்திரை கொடுப்பார். அதில் இரும்புச் சத்து இருக்கிறது. ஃபோலிக் அமிலம் என்ற சத்தும் இருக்கிறது. உடலில் ரத்தம் ஊற இந்தச் சத்து வேண்டும்.

அதே போடியில் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் என்ன செய்கிறார்கள்? மதுரை போன்ற பெரிய ஊருக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே நரம்பு வழியாக ஏற்றும் மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்சேட். அது ஃபோலிக் அமிலத்தின் எதிரி!

சத்தும், அதன் எதிரியும் ஒரே மனிதரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் உருவானவை. அவர் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். சென்னையில் படித்து டாக்டரானவர்.

ஓடிப் போன சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. இப்போது ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது.

ஏழ்மையான குடும்பம். படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். அன்னை விடவில்லை. பிடித்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியடிகளின் சுதேசி இயக்கம் பரவிய காலம். சுப்பாராவ் கதர் அங்கி அணிந்து ஆபரேஷன் அறைக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

சகோதரர்களைக் கொன்ற நோய்

அந்த நாட்களில் அவர் குடும்பத்தில் பெருந்துயரம் நேர்ந்தது. உடன்பிறந்த இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். சங்கிரகணி என்ற நோய் அவர்களைக் கொண்டு போயிற்று. ஓயாத பேதி, நாக்கில் புண், ரத்தம் வற்றிப் போதல் ஆகியவை அந்த நோயின் அடையாளங்கள்.

சுப்பாராவையும் அது பிடித்தது. ஆயுர்வேத நிபுணர் டாக்டர் லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மாமனார் உதவியோடும் தருமப் பணத்தோடும் 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். இளம் மனைவியைப் பிரிந்து போனார். திரும்பி வரவே இல்லை.

போஸ்டன் நகரில் இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. தசைகள் வேலை செய்யச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கும் பொருள்களைப் பேராசிரியர் பிஸ்க்கேயுடன் சேர்ந்து கண்டுபிடித்தார். ஆயினும் அங்கே நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

சத்தும் அதன் எதிரியும்

கீரையிலும் ஈரலிலும் உள்ள ஒரு சத்து ரத்தத்தை ஊறச் செய்கிறது என்று அப்போது தெரிந்திருந்தது. அதுதான் ஃபோலிக் அமிலம். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். 1945-ல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது. சங்கிரகணி நோயாளிகள் அதனால் தேறினார்கள்.

போஸ்டனில் டாக்டர் சிட்னி பார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமாக வளர்ந்தது! அப்படியானால் இந்தச் சத்தைத் தடுத்தால் நோய் அடங்குமா?

சுப்பாராவின் ஆய்வுக்கூடம் தடுக்கும் மருந்துகளைச் செய்து தந்தது. அவற்றில் ஒன்று அமினோப்டெரின். 1948 ஜூனில் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. சிறிது காலத்தில் திரும்பி வந்தது என்றாலும், அந்த நோய் மருந்துக்குப் பணியும் என்பது தெரிந்தது. அமினோப்டெரினின் தம்பி போன்றதுதான் மெதோட்ரெக்சேட்.

வாயில் புண் ஏன்?

அந்தக் குழந்தைகளுக்கு வாயில் புண் வந்தது. காரணம் என்ன? வேகமாகப் பெருகும் அணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் அதிகம் தேவை. புற்றுநோய் அணு அப்படிப்பட்டது. வாயின் உட்தோல், குடல், முடியின் வேர், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படியே. மருந்துக்கு நல்ல அணு, கெட்ட அணு என்ற பேதம் தெரியாது.

சத்துக் குறைந்து சங்கிரகணியில் வந்த நாக்குப் புண்ணும், சத்தைத் தடுத்ததால் வந்த இந்தப் புண்ணும் உறவு முறைதான்!

சுப்பாராவ் மறைந்த பிறகு இதற்கும் வழி பிறந்தது. இன்று மெதோட்ரெக்சேட்டை அதிக அளவில் நரம்பில் ஏற்றும்போது, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து லூக்கோவோரின் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அதுவும் ஃபோலிக் அமில வகையே. நல்ல அணுக்கள் பிழைத்துக்கொள்கின்றன. சிறுநீரகம் கெடாதபடி நீரும் ஏற்றுகிறார்கள்.

ஆகவே புண்ணைக் கண்டு பயந்து சிகிச்சையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும். காய்ச்சல் வந்தால் தாமதம் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் காய்ச்சல் ஆபத்தானது. வலி மாத்திரையையோ சத்து மாத்திரையையோ டாக்டரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது. சில வலி மாத்திரைகள் மெதோட்ரெக்சேட்டை உடலிலேயே தங்க வைத்துவிடும். ஃபோலிக் அமில மாத்திரையோ மருந்தின் வேலையைக் கெடுக்கலாம்.

பேர் தெரியாமல் மறைந்தார்

யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கும் மாத்திரையும் சுப்பாராவின் குழு தந்ததே. ஆனால் அவர் புகழைத் தேடவில்லை. 1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க்கில் மாரடைப்பால் உறக்கத்திலேயே இறந்தார். பார்பரின் வெற்றிச் செய்தி வெளியாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையை, முறையாகச் சிகிச்சை செய்தால், இன்று பெரும்பாலும் குணப்படுத்த முடிகிறது. அந்தச் சிகிச்சையில் மெதோட்ரெக்சேட்டுக்கு இன்றும் இடம் உண்டு.

ஏலமலையில் கர்ப்பிணிப் பெண் விழுங்கும் மாத்திரையிலும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தையின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்திலும், சகோதரர்களைப் பறிகொடுத்த அந்த மனிதரின் உழைப்பு இருக்கிறது.