பேலா குட்மான்: சாபத்துக்குப் பின்னால் இருந்த மனிதர்

முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, எங்கள் கழகத்தின் பழைய மத்தியகள வீரர் ஒருவர் சிறுவர்களுக்கு உதைபந்து பழக்கத் தொடங்கினார். எண்பதுகளில் ஆடிய ஆட்டங்களை நிமிடக் கணக்கில் சொல்வார். 2009ஐப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். பேலா குட்மானைப் பற்றி வாசிக்கும் போதெல்லாம் எனக்கு அந்த அண்ணையின் நினைவு வரும்.

குட்மான் என்றதும் உதைபந்தாட்ட இரசிகர்களுக்கு ஞாபகம் வருவது ஒரு சாபம். 1962இல் போர்த்துக்கலின் பென்ஃபிகா கழகம் அவர் கேட்ட கூடுதல் பணத்தைக் கொடுக்க மறுத்தது. நூறு ஆண்டுகளுக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கிண்ணம் கிடைக்காது என்று சபித்துவிட்டுப் போனார் என்பது கதை. அதன்பின் பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களில் தோற்றது. 1990இல் வியன்னாவில் நடந்த இறுதியாட்டத்துக்கு முன் யூசேபியோ அவரது கல்லறைக்குப் போய் மன்றாடினார். அதிலும் தோல்விதான்.

இந்தக் கதைக்குப் பின்னால் வேறொரு வாழ்க்கை இருக்கிறது.

1899இல் புடாபெஸ்ற்றில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். எம்.ரி.கே கழகத்தில் நடுப் பின்கள வீரராக ஆடினார். பிறகு வியன்னாவுக்குப் போய், யூதர்களின் கழகமான ஹக்கோவாவில் சேர்ந்தார். 1925இல் அந்தக் கழகம் ஒஸ்திரியாவின் சம்பியனானது. அமெரிக்காவுக்குப் போய் ஆடிச் சேர்த்த பணம் 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் போனது. ஐரோப்பா திரும்பிப் பயிற்றுவிப்பாளரானார். 1939இல் அவரது ஊய்பெஸ்ற் அணி ஹங்கேரியின் சம்பியன் பட்டத்தையும் மித்ரோப்பா கிண்ணத்தையும் வென்றது. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது.

1944 மார்ச்சில் ஜேர்மன் படைகள் ஹங்கேரிக்குள் நுழைந்தன. சில மாதங்களிலேயே நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயிலேற்றப்பட்டனர். குட்மான், யூதரல்லாத தன் மனைவியின் உறவினர் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தார். பின்னர் கட்டாய உழைப்பு முகாமில் அகப்பட்டார். அங்கிருந்து நாடுகடத்தப்படுவதற்கு முன் தப்பியோடினார். அவருடன் தப்பியவர்களில் எர்ணோ எர்ப்ஸ்டைனும் ஒருவர். பிற்காலத்தில் இத்தாலியின் புகழ்பெற்ற ரொறினோ அணியை உருவாக்கியவர் அவர். குட்மானின் தந்தையும் சகோதரியும் அவுஷ்விற்ஸில் கொல்லப்பட்டனர்.

போர் முடிந்தபின் ருமேனியாவில் ஒரு கழகத்தில் சேர்ந்தபோது, சம்பளத்தை உணவுப் பொருளாகத் தரும்படி கேட்டார். பணத்துக்குப் பெறுமதி இல்லாத நாட்கள் அவை. நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற எவருக்கும் இது விளங்கும்.

அதன்பின் அவர் ஓரிடத்திலும் நிலைத்து இருக்கவில்லை. இத்தாலியில் ஏ.சி. மிலான் அணி முதலிடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கினார்கள். 1957இல் சாவோ பாவ்லோவுக்கும் 1959இல் போர்ட்டோவுக்கும் சம்பியன் பட்டம் வென்று கொடுத்தார். 1961இல் பென்ஃபிகா பார்சிலோனாவை 3-2 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. அடுத்த ஆண்டு அம்ஸ்டர்டாமில் ரியல் மட்ரிட்டுக்காகப் புஷ்காஷ் மூன்று கோல் அடித்தும், பென்ஃபிகா 5-3 என்று வென்றது. கடைசி இரண்டு கோல்களும் இருபது வயது யூசேபியோவினுடையவை. அதோடு குட்மான் புறப்பட்டுவிட்டார். ஒரு கழகத்தில் மூன்றாவது ஆண்டு ஆபத்தானது என்பது அவரது நம்பிக்கை. பேராசைக்காரர் என்றார்கள். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவன் தனக்குரியதை உடனே கேட்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தன் வாழ்க்கையைச் சொல்லும்போதும் போர் ஆண்டுகளைச் சில சொற்களில் கடந்து போனார். அவர் போர்க்காலத்தைச் சுவிற்சர்லாந்தில் பாதுகாப்பாகக் கழித்தார் என்றே பலர் நெடுங்காலம் எழுதினார்கள். 1981இல் வியன்னாவில் இறந்தார். பரணும் முகாமும் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் பரவலாக வெளியில் தெரிந்தன.

பேசாமல் இருப்பது தப்பியவரின் உரிமை. ஆனால் அவர் விட்ட இடத்தை வேறு யாரோ ஒரு பொய்யால் நிரப்பிவிடுகிறார்கள்.

இந்தக் கிழமை மைதானத்துக்குப் போய் அண்ணைக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறேன். நானாகக் கேட்க மாட்டேன். அவர் சொன்னால் எழுதி வைப்பேன்.