அமெரிக்காவின் ‘அந்தக் காலத்தை’ வரைந்தவர்: யார் இந்த நார்மன் ராக்வெல்?

பெரிய மேசை, வெள்ளை விரிப்பு. பாட்டி ஒருவர் முழு வான்கோழியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறார். பக்கத்தில் தாத்தா. சுற்றிலும் சிரித்த முகங்கள். நவம்பரில் ‘தேங்க்ஸ்கிவிங்’ வந்துவிட்டால் போதும், இந்தப் படமும் இதை வைத்துச் செய்த மீம்களும் போனில் வந்து விழும். எங்கேயாவது நீங்களும் பார்த்திருப்பீங்க.

பழைய அமெரிக்கா என்றதும் பலருக்கும் மனசில் வருவது இப்படியான காட்சிகள்தான். சோடாக் கடை, முடிதிருத்தும் கடை, ஊர் டாக்டர், பேஸ்பால் ஆடும் பசங்க. அந்தக் காட்சிகளில் பலவற்றை மக்கள் மனதில் பதியவைத்தவர் ஒரே ஓவியர்: நார்மன் ராக்வெல். ஆனா, அந்த அழகான உலகத்தில் யாருக்கெல்லாம் இடம் இல்லை என்ற கேள்வியும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

நியூயார்க் பையன்

கிராமத்து வாழ்க்கையை வரைந்து பெயர் வாங்கியவர் பிறந்தது நியூயார்க் நகரத்தில், 1894 பிப்ரவரி 3 அன்று. ஒல்லியான உடம்பு. அண்ணன் விளையாட்டில் கெட்டி. தம்பிக்கு அது வரவில்லை, படம் வரையத்தான் வந்தது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பண்ணைகளுக்குப் போய்த் தங்கிய நாள்கள் மட்டும் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தன.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓவியம் கற்றார். 19 வயதிலேயே சாரணர் சிறுவர்களுக்கான ‘பாய்ஸ் லைஃப்’ இதழின் ஓவியப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்பு கிடைத்தது. 1916 மே 20 அன்று, 22 வயதில், ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வார இதழில் முதல் அட்டைப்படம். டிப்டாப்பாக உடுத்திய பையன் ஒருவன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். பேஸ்பால் ஆடப் போகும் நண்பர்கள் அவனைப் பார்த்துக் கேலி செய்கிறார்கள். அவ்வளவுதான் படம். பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துப்போனது.

அடுத்த 47 ஆண்டுகளில் அதே இதழுக்கு 320க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் வரைந்தார். வீட்டுக்கு வீடு டிவி வராத காலம் அது. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன அந்த இதழின் அட்டைதான் பலருக்கும் அந்த வாரத்தின் பொழுதுபோக்கு.

பக்கத்து வீட்டுக்காரரே மாடல்

ராக்வெல்லின் படங்களில் வருபவர்கள் பெரும்பாலும் அவர் ஊர்க்காரர்கள். முதலில் காட்சியை யோசிப்பார். பிறகு அக்கம்பக்கத்தினரை அழைத்து, எந்த முகபாவம் வேண்டும் என்று தானே நடித்துக் காட்டுவார். 1930களிலிருந்து அதைப் புகைப்படமாக எடுக்கவைத்து, அதைப் பார்த்து வரையத் தொடங்கினார். ஒரு சினிமா இயக்குநர் செய்யும் வேலைதான் இது.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அவர் புகழ் உச்சத்துக்குப் போனது. 1941இல் அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்ற உரை ஒன்றில் நான்கு சுதந்திரங்களைப் பற்றிப் பேசினார்: பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையிலிருந்து விடுதலை, பயத்திலிருந்து விடுதலை. 1943இல் ராக்வெல் இவற்றை நான்கு ஓவியங்களாக்கினார். வான்கோழி விருந்து அதில் ஒன்று. இந்த ஓவியங்கள் ஊர் ஊராகக் காட்சிக்குப் போய், போர்ப் பத்திரங்கள் மூலம் 13 கோடி டாலருக்கு மேல் திரட்ட உதவின.

படத்தில் இருந்த சிரிப்பு, வீட்டில் இல்லை

மகிழ்ச்சியான குடும்பங்களை வரைந்தவரின் சொந்தக் குடும்பம் அப்படி இல்லை. முதல் திருமணம் 1930இல் விவாகரத்தில் முடிந்தது. இரண்டாவது மனைவி மேரியோடு மூன்று மகன்கள். மேரிக்கு மனநலச் சிகிச்சை தேவைப்பட்டதால், 1953இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊருக்குக் குடும்பமே குடிபெயர்ந்தது. ராக்வெல்லும் மனச்சோர்வால் அவதிப்பட்டார். புகழ்பெற்ற உளவியல் அறிஞர் எரிக் எரிக்சனிடம் ஆலோசனை பெற்றார். 1959இல் மேரி திடீரென்று இறந்துபோனார்.

சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

‘போஸ்ட்’ இதழில் ஒரு நடைமுறை இருந்தது. அட்டைப்படத்தில் கறுப்பினத்தவர் வரலாம், ஆனால் வேலைக்காரராக மட்டும்தான். 1946இல் வந்த ஓர் அட்டையில், ரயில் உணவுப் பெட்டியில் ஒரு வெள்ளைச் சிறுவன் பில்லைப் பார்த்துக் கணக்குப் போடுகிறான். பக்கத்தில் நிற்கும் கறுப்பினத்தவர், சர்வர். ராக்வெல் பல ஆண்டுகள் இந்த நடைமுறைக்கு உட்பட்டே வரைந்தார். பிற்காலத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்.

1961இல் பல இனத்தவரும் மதத்தவரும் ஒன்றாக நிற்கும் ஓர் அட்டைப்படத்தை வரைந்தார். அதே ஆண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியை மோலியைத் திருமணம் செய்தார். 1963 ஜனவரியில் ‘போஸ்ட்’ அட்டையில் அவர் வரைந்த நேருவின் உருவப்படம் வந்தது. அந்த ஆண்டோடு 47 ஆண்டு உறவை முடித்துக்கொண்டு ‘லுக்’ இதழுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 69.

வெள்ளைக் கவுன் போட்ட சிறுமி

1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுச் சிறுமி பள்ளிக்குப் போனாள். அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளி அது. வெளியே கூட்டம் கூச்சல் போட்டதால், மத்திய அரசின் மார்ஷல்கள் அவளை அழைத்துப் போக வேண்டியிருந்தது. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு முழுக்க ரூபி வகுப்பில் தனியாக, ஒரே ஆசிரியையிடம் படித்தாள்.

இதை ராக்வெல் வரைந்தார். 1964 ஜனவரியில் ‘லுக்’ இதழில் வெளியானது. வெள்ளைக் கவுனில் நிமிர்ந்து நடக்கும் சிறுமி. முன்னும் பின்னும் நான்கு மார்ஷல்கள், அவர்களின் தலை படத்தில் இல்லை. சுவரில் இனவெறி வசை. எறியப்பட்ட தக்காளி சிதறிக் கிடக்கிறது. கூட்டத்தை மட்டும் காணோம். ஏன்னா, படம் பார்ப்பவர் நிற்பதே அந்தக் கூட்டம் நின்ற இடத்தில்தான்!

பாராட்டுக் கடிதங்களோடு திட்டும் கடிதங்களும் வந்தன. அவர் நிறுத்தவில்லை. 1965இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட மூன்று சிவில் உரிமைப் போராளிகளையும், 1967இல் வெள்ளையர் பகுதிக்குக் குடிவரும் கறுப்பினக் குழந்தைகளையும் வரைந்தார்.

1977இல் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான ‘அதிபரின் சுதந்திரப் பதக்கம்’ கிடைத்தது. 1978 நவம்பர் 8 அன்று, 84 வயதில், ஸ்டாக்பிரிட்ஜில் காலமானார். 2011இல் ரூபியின் ஓவியம் வெள்ளை மாளிகையில் மாட்டப்பட்டது. 56 வயது ரூபியே நேரில் வந்து, அதிபர் ஒபாமாவோடு நின்று அதைப் பார்த்தார்.

வான்கோழி விருந்து, வெள்ளைக் கவுன் சிறுமி இரண்டுமே இன்று ஸ்டாக்பிரிட்ஜில் உள்ள ராக்வெல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பழைய அமெரிக்காவை நினைத்து ஏங்குகிறவர்கள் பகிர்வது பெரும்பாலும் முதல் படத்தைத்தான். அதை வரைந்தவரே இரண்டாவதையும் வரைந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் ‘அந்தக் காலம்’ முழுசாகத் தெரியும்.