ஜார்ஜ் மலோரி

ஜார்ஜ் ஹெர்பர்ட் லீ மலோரி (ஜூன் 18, 1886 – ஜூன் 8 அல்லது 9, 1924) இங்கிலாந்தைச் சேர்ந்த மலையேறுநரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1921, 1922, 1924 ஆம் ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட மூன்று பிரித்தானியப் பயணங்களிலும் பங்குகொண்ட ஒரே மலையேறுநர் இவரே. மூன்றாவது பயணத்தில் ஆண்ட்ரூ இர்வின் என்ற இளைஞருடன் உச்சியை நோக்கிச் சென்ற இவர் திரும்பவில்லை. இவரது உடல் 75 ஆண்டுகளுக்குப் பின்னர் 1999 இல் கண்டெடுக்கப்பட்டது. இருவரும் உச்சியை அடைந்தனரா என்பது இன்றும் தீர்க்கப்படாத வினாவாகும்.

இளமை

மலோரி இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் உள்ள மாபர்லி என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஒரு கிறித்தவ மதகுரு. வின்செஸ்டர் கல்லூரிப் பள்ளியில் பயின்றபோது, கிரகாம் இர்விங் என்ற ஆசிரியர் 1904 இல் இவரை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜின் மாக்டலின் கல்லூரியில் வரலாறு கற்று, 1910 முதல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் கவிஞராகப் புகழ்பெற்ற ராபர்ட் கிரேவ்ஸ் அங்கு இவருடைய மாணவர். 1914 இல் ரூத் டர்னர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள். முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டார்.

எவரெஸ்டுக்கான வழி

அக்காலத்தில் நேபாளம் வெளிநாட்டு மலையேறுநர்களை அனுமதிக்கவில்லை. எனவே திபெத்தின் வழியாக வடக்கிலிருந்தே எவரெஸ்டை அணுக முடிந்தது. பிரித்தானிய அரசின் பிரதிநிதியான சார்லஸ் பெல், 13 ஆம் தலாய் லாமாவிடமிருந்து 1920 இல் அதற்கான இசைவைப் பெற்றார். டார்ஜிலிங்கில் தொடங்கிய 1921 ஆம் ஆண்டுப் பயணத்தின் நோக்கம் மலையை ஆராய்ந்து வழி காண்பதாகும். நில அளவையாளர் ஆலிவர் வீலர் கிழக்கு ரொங்புக் பனியாறே உகந்த பாதை என்பதைக் கண்டறிந்தார். செப்டம்பரில் மலோரியும் சிலரும் சுமார் 7,000 மீட்டர் உயரத்தில் உள்ள வடக்குக் கணவாயை அடைந்தனர்.

1922 ஆம் ஆண்டுப் பனிச்சரிவு

1922 மே மாதத்தில் மலோரி, எட்வர்ட் நார்ட்டன், ஹோவர்ட் சோமர்வெல் ஆகியோர் ஆக்சிஜன் கருவியின்றிச் சுமார் 8,225 மீட்டர் உயரத்தை எட்டினர். இவர்களுள் சோமர்வெல் அறுவை மருத்துவர். இவர் பின்னர் தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் (இன்றைய கன்னியாகுமரி மாவட்டம்) மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

சில நாட்களில் பருவமழைக்காலப் பனிப்பொழிவு தொடங்கியது. ஆயினும் மற்றொரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஜூன் 7 அன்று வடக்குக் கணவாயின் சரிவில் புதிய பனி சரிந்து, சுமைதூக்குநர்கள் ஏழு பேர் உயிரிழந்தனர். பிரித்தானியர் எவரும் இறக்கவில்லை. முன்னின்று வழிநடத்திய மலோரி, இவ்விறப்புகளுக்குத் தம்மையே பொறுப்பாகக் கருதினார்.

இறுதிப் பயணம்

1924 ஜூன் 4 அன்று நார்ட்டன் ஆக்சிஜன் கருவியின்றி 8,570 மீட்டருக்கு மேல் சென்று திரும்பினார். ஒளிக்கண்ணாடியைக் கழற்றியிருந்ததால் பனிக்குருட்டுக்கு ஆளாகிச் சில நாட்கள் பார்வை இழந்தார். அடுத்த முயற்சிக்கு மலோரி இர்வினைத் தேர்ந்தெடுத்தார். ஆக்ஸ்போர்டு மாணவரான 22 வயது இர்வின் ஆக்சிஜன் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் திறன் பெற்றிருந்ததே இதற்குக் காரணமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

இருவரும் ஜூன் 7 அன்று ஆறாம் முகாமை அடைந்தனர். அங்கிருந்து அனுப்பிய குறிப்பில், கீழ் முகாமில் தாம் மறந்துவிட்ட திசைகாட்டியை எடுத்து வருமாறு நோயல் ஓடெல் என்ற நிலவியலாளரை மலோரி கேட்டிருந்தார். ஜூன் 8 பிற்பகல் 12.50 மணியளவில் மேகம் விலகியபோது, வடகிழக்கு முகட்டில் இரு கரும்புள்ளிகள் மேலேறுவதை ஓடெல் கண்டார். உடனே மேகம் மூடிக்கொண்டது. அவர்களைக் கடைசியாகக் கண்டவர் அவரே. எந்தப் பாறைப்படியில் கண்டார் என்பதை அவராலும் பின்னர் உறுதியாகக் கூற இயலவில்லை.

தேடுதல்

ஏறுவோரிடம் வானொலிக் கருவி இல்லாத காலம் அது. பனிப்புயலின் நடுவே ஓடெல் ஆறாம் முகாமுக்கு மேலே சென்று, சீழ்க்கை அடித்தும் குரல் கொடுத்தும் அவர்களுக்கு வழிகாட்ட முயன்றார். ஜூன் 10 அன்று மீண்டும் அங்கு ஏறியபோது கூடாரம் அவர் விட்டுச் சென்றபடியே இருந்தது. உறக்கப் பைகளைப் பனியில் குறிப்பிட்ட வடிவில் விரித்து, தடயமில்லை என்பதைக் கீழே தெரிவித்தார். வடக்குக் கணவாயிலிருந்து போர்வைகளைச் சிலுவை வடிவில் விரித்து அச்செய்தி அடுத்த முகாமுக்கு அனுப்பப்பட்டது. இங்கிலாந்தை அது ஜூன் 19 அன்றே எட்டியது.

இன்று பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டறிய 457 கிலோஹெர்ட்ஸ் அலைபரப்பிகளும், இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்குத் தெரிவிக்க 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகளும் உள்ளன. எனினும் 8,000 மீட்டருக்கு மேல், இருப்பிடம் தெரிந்தாலும் உதவி சென்றடைவது அரிது.

கண்டெடுப்புகள்

1933 இல் இர்வினுடையதாகக் கருதப்படும் பனிக்கோடரி சுமார் 8,460 மீட்டர் உயரத்தில் கிடைத்தது. மே 1, 1999 அன்று அமெரிக்கரான கான்ராட் ஆங்கர் சுமார் 8,155 மீட்டர் உயரத்தில் ஓர் உடலைக் கண்டார். ஆடையில் இருந்த பெயர்த்துணி அது மலோரி என்பதை உறுதிசெய்தது. வலது கால் முறிந்திருந்தது. இடுப்பில் அறுந்த கயிறும் அதன் அழுத்தத்தால் ஏற்பட்ட காயமும் இருந்தன. எனவே இருவரும் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தபோது இவர் விழுந்ததாகக் கருதப்படுகிறது. உடல் அங்கேயே கற்களால் மூடப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

2024 செப்டம்பரில், கீழே மத்திய ரொங்புக் பனியாற்றில் இர்வினின் பெயர் தைக்கப்பட்ட காலுறையுடன் ஒரு காலணியும் பாதமும் கிடைத்தன.

உச்சியை அடைந்தனரா?

ஒளிக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்ததால், இருட்டிய பின் இறங்கும்போதே மலோரி விழுந்தார் எனச் சிலர் கருதுகின்றனர். அது மாற்றுக் கண்ணாடியாகவும் இருக்கலாம். உச்சியில் வைப்பதற்காக அவர் எடுத்துச் சென்றதாகக் கூறப்படும் மனைவியின் ஒளிப்படம் உடலுடன் காணப்படவில்லை. இவை எவையும் உறுதியான சான்றுகள் அல்ல. முகட்டில் உள்ள இரண்டாம் படி எனப்படும் செங்குத்துப் பாறையை அக்காலக் கருவிகளுடன் கடந்திருக்க இயலுமா என்ற ஐயமும் உள்ளது. சோமர்வெல்லிடம் இரவல் பெற்ற சிறிய கோடாக் ஒளிப்படக்கருவி கிடைத்தால் விடை தெரியக்கூடும். 1999 இல் மலோரியின் உடலுடன் அது இருக்கவில்லை.

குடும்பம்

மலோரியின் தம்பி டிராஃபோர்ட் லீ-மலோரி பிரித்தானிய வான்படைத் தளபதியாக விளங்கினார். அவர் 1944 நவம்பரில் ஆல்ப்ஸ் மலையில் விமானம் மோதி உயிரிழந்தார். விமானத்தின் சிதைவுகள் அடுத்த ஆண்டு பனி உருகிய பின்னரே கண்டுபிடிக்கப்பட்டன. மலோரியின் பேரனான மற்றொரு ஜார்ஜ் மலோரி, 1995 இல் வடக்கு வழியாகவே எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்.