கல்லின் பிறப்பறிந்த ஹற்றன்

கல் என்னும் ஒரு சொல்லால் நாம் எல்லாக் கற்களையும் வழங்குகின்றோம். ஆயினும், பிறப்பினால் அவை வேறுபட்டவை. மணலும் சேறும் சிப்பிகளும் நீரின் அடியிற் படை படையாகப் படிந்து, மேலுள்ள பாரத்தால் அமுங்கி இறுகியது அடையற் பாறை. பூமியினுள்ளே உருகிக் கிடந்த குழம்பு ஆறி உறைந்தது தீப்பாறை. முன்னையதிற் படைகளும், சிலபோது பண்டை உயிர்களின் சுவடுகளும் காணப்படும். பின்னையதிற் பளிங்குருக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மெல்ல ஆறியதில் அவை பெரியன, விரைந்து ஆறியதிற் சிறியன. இன்று பள்ளி மாணவரும் அறிந்த இவ்வேறுபாட்டை நிலைநாட்டப் பாடுபட்டவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் ஹற்றன்.

அவர் 1726 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். சிறு பராயத்திலேயே தந்தையை இழந்தார். சட்டத்தொழில் பயில விட்டவிடத்தும் அவர் மனம் இரசாயனத்தையே நாடிற்று. பின்னர் மருத்துவம் கற்று, 1749 இல் ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிற் பட்டம் பெற்றார். ஆயினும் வைத்தியம் செய்யாது, தந்தை வழிவந்த நிலத்திற் கமஞ்செய்யப் புகுந்தார்.

கமமே அவருக்குக் கல்லூரியாயிற்று. மழைநீர் வயலின் மண்ணைக் கரைத்து ஆற்றிற் சேர்ப்பதையும், ஆறு அதனைக் கடலுக்குக் கொண்டு செல்வதையும் அவர் கண்டார். அழிவொன்றே நிகழுமாயின் நிலமெல்லாம் என்றோ கடலுள் மறைந்திருக்கும். ஆதலால் கடலடியிற் படிந்த மண் கல்லாகி மீண்டும் நிலமாய் உயர்தல் வேண்டும். உயர்த்தும் ஆற்றல் பூமியினுள்ளிருக்கும் வெப்பமே என அவர் துணிந்தார்.

அக்காலத்திலே ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் வேர்னர் என்னும் பேராசிரியர் பெரும்புகழோடு விளங்கினார். கிரனைற்றும் எரிமலைக் கரும்பாறையை ஒத்த பசால்ற்றும் ஆதிக்கடலிலிருந்து படிந்தனவே என்பது அவர் கொள்கை. ஹற்றனோ அவை உருகி உறைந்தவை என்றார். 1785 இல் எடின்பரோ அரச கழகத்தில் அவர் கொள்கை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அவர் கிளென் தில்ற் என்னும் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். அங்கே செந்நிறக் கிரனைற்று, கருநிறப் பாறைப்படைகளை ஊடறுத்து நரம்புகள் போல ஓடக் கண்டார். ஊடறுத்தது பிந்தியது, ஊடறுக்கப்பட்டது முந்தியது. திரவமாய் இருந்தாலன்றி இவ்வாறு புகுதல் இயலாது. அவர் அடைந்த உவகையைக் கண்ட வழிகாட்டிகள், பொன்னோ வெள்ளியோ அகப்பட்டதென எண்ணினராம்.

1788 இல் நண்பர் பிளேபெயரோடும் சேர் ஜேம்ஸ் ஹோலோடும் படகேறிச் சிக்கார் முனையை அடைந்தார். அங்கே செங்குத்தாய் நின்ற அடையற் படைகளின் மேல், வேறோர் அடையற் படைத் தொகுதி சற்றே சரிந்து கிடந்தது. முன்னையவை படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பின்னரே பின்னையவை படிந்திருத்தல் வேண்டும். அதற்குச் சென்ற காலத்தின் பேரளவை எண்ணி உடன்சென்றோர் திகைத்தனர்.

ஹற்றன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்பது என் கருத்தன்று. மணலைக் கல்லாக இறுக்குவதும் வெப்பமே என்றார். மணிகளினிடையே ஊறும் நீரிலிருந்து படியும் பொருள்கள் அவற்றைப் பிணிப்பதை இன்று அறிவோம். எனினும், தீப்பாறை பற்றி அவர் கூறியது நிலைத்தது. உருகிய கல் ஆறினாற் கண்ணாடியாகுமேயன்றிக் கல்லாகாது என்று எதிர்த்தோர் கூறினர். ஹோல் அத்தகைய பாறையை உலையில் உருக்கி, மெல்ல மெல்ல ஆறவிட்டு, மீண்டும் கல்லாதலைக் காட்டினார். அதனைக் காண ஹற்றன் இருந்திலர்; 1797 இல் மறைந்தார்.

தமிழ் கற்பிக்கும் என் மனம் தங்குமிடம் ஒன்றுண்டு. 1795 இல் ஹற்றன் இரு பாகங்களாக வெளியிட்ட நூல் மிகக் கடினமான நடையினது. நீண்ட பிறமொழி மேற்கோள்கள் நிறைந்தது. படித்தோர் சிலர், விளங்கியோர் அதனினும் சிலர். கணிதப் பேராசிரியரான பிளேபெயர் 1802 இல் அதற்குத் தெளிந்த நடையில் ஒரு விளக்கநூல் செய்தார். உரையாசிரியர் இல்லையெனின் நம் பழைய நூல்கள் பல என்னாகியிருக்குமோ, அந்நிலையே ஹற்றனின் நூலுக்கும் நேர்ந்திருக்கும். பின்வந்த லையலும், அவர் நூலைக் கப்பலிற் படித்த டார்வினும் அக்கொள்கையின் பயனைப் பெற்றனர்.

என் இளமையில், பிறர்க்கு விளங்காமல் எழுதுவதே புலமை என்று யானும் மயங்கியதுண்டு. அம்மயக்கம் தலைகாட்டும்போதெல்லாம் இவ்விருவரையும் நினைத்துக்கொள்வேன். எடின்பரோவில் ஹற்றன் அடங்கிய இடத்தை 1947 வரையில் ஒரு நினைவுக்கல்லும் காட்டவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாக அவர் பெயரை உலகம் மறவாதிருந்ததற்கு, நண்பர் எழுதிய உரையும் ஒரு பெருங்காரணமாகும்.