இயந்திரச் சிறுவனைப் படைத்த சித்திரக்காரர்

ஜப்பான் நாட்டில் ஒசாகா மாநகருக்கு அணித்தாக டொயோனகா என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1928-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் ஒசாமு டெசுகா பிறந்தார். அந்நாள் மெய்ஜி மன்னரின் பிறந்த நாள். ஆதலின் அம்மன்னரின் பெயரிலுள்ள ஓர் எழுத்தையே எடுத்துப் பெற்றோர் தம் மகனுக்குப் பெயராக இட்டனர். பின்னர்க் குடும்பம் தகராசுகா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வெந்நீர் ஊற்றுகளுக்கும், பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் நாடகசாலைக்கும் அவ்வூர் பெயர்பெற்றது. தாயார் மகனை அந்நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். தந்தையாரோ வீட்டிலேயே சிறு திரைப்படக் கருவி ஒன்றை வைத்திருந்தார். சார்லி சாப்ளினின் படங்களையும், வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படங்களையும் சிறுவர் வீட்டுச் சுவரிலேயே கண்டு களித்தார்.

பள்ளியில் அவர்க்கு அத்துணை இன்பம் வாய்க்கவில்லை. உடல் மெலிந்தவர், தலைமயிர் சுருண்டிருக்கும். அதனைச் சுட்டி உடன் பயின்ற பிள்ளைகள் ஏளனம் செய்தனர். ஆயினும் அவர் கையில் எழுதுகோலை எடுத்துப் படம் வரையத் தொடங்கியதும், எள்ளி நகையாடிய பிள்ளைகளே சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கலாயினர். படம் வரைவதற்கு அடுத்தபடியாக அவர் விரும்பியது பூச்சிகளைத் தேடித் திரிவதாகும். காட்டிலும் மேட்டிலும் அலைந்து வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் நுணுக்கமாக வரைந்து வைத்தார். ஒசாமுஷி என்பது ஜப்பானியர் ஒருவகை வண்டுக்கு வழங்கும் பெயர். தம் பெயரோடு அஃது ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்த சிறுவர், பூச்சி என்று பொருள்படும் எழுத்தைத் தம் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் நிறுவிய படநிலையத்தின் பெயரும் முஷி என்பதே.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. மாணவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தொழிற்சாலைகளில் போர்க்கருவிகளுக்காக உழைக்குமாறு பணிக்கப்பட்டனர். டெசுகாவும் ஒசாகாவில் அவ்வாறு வேலை செய்தார். 1945-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் காவல் மேடையில் நின்றிருந்தபோது வானூர்திகள் திரளாக வந்து குண்டுகளைப் பொழிந்தன. அவர் உயிர் பிழைத்தார். அருகிலிருந்தோர் பலர் மாண்டனர். ஆற்றங்கரை வழியே நடந்து வீடு திரும்பியவர் கண்ட காட்சிகள் அவர் உள்ளத்தை விட்டு ஒருநாளும் அகலவில்லை. அவர் வரைந்த கதைகளில் போரைப் புகழ்ந்துரைப்பது ஒன்றேனும் இல்லை.

அந்நிகழ்ச்சிக்கு இரு திங்கள் முன்னர், அதே ஒசாகாவில், ஆளில்லாத திரையரங்கு ஒன்றில் அவர் ஒரு கார்ட்டூன் படம் பார்த்தார். மொமொதாரோ என்னும் நாட்டுப்புறக் கதைத் தலைவன் விலங்குப் படையோடு போருக்குச் செல்வதாகக் கடற்படையின் பொருளுதவியால் எடுக்கப்பட்ட படம் அது. போர்ப் பிரசாரமே அதன் நோக்கம். குழந்தைகளோ நகரை விட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். ஆகவே பார்ப்பார் இல்லை. பதினாறு வயது நிரம்பிய டெசுகா மட்டும் அப்படத்தில் போரைக் காணாமல், காற்றில் மிதக்கும் பூம்பஞ்சையும், துள்ளும் விலங்குகளின் எழிலையும் கண்டு கண்ணீர் உகுத்தார். தம் வாழ்நாளில் இத்தகைய படம் ஒன்றையாவது எடுத்தே தீர்வது என அன்றே உறுதி பூண்டார்.

எனினும் அவர் பயின்றது மருத்துவம். இளமையில் அவர் கைகளில் கொடிய தோல்நோய் பரவியது. கைகளையே இழக்கக்கூடிய நிலை. ஒரு மருத்துவர் அவற்றைக் காப்பாற்றினார். அந்நன்றியுணர்வே ஒசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் அவரைச் சேரச் செய்தது. பகலில் மருத்துவம், இரவில் சித்திரக்கதை. 1946-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிறுவர் செய்தித்தாள் ஒன்றில் அவருடைய முதல் சித்திரத் தொடர் வெளிவந்தது. மறு ஆண்டில் சகாய் என்பாருடன் சேர்ந்து இயற்றிய ‘புதிய புதையல் தீவு’ என்னும் மலிவுப் பதிப்பு, போரினால் நொந்து காகிதமும் களிப்பும் அற்றுக் கிடந்த நாட்டில் இலட்சக்கணக்கான படிகள் விற்றது. திரைப்படத்தில் காட்சி நகர்வது போலவே சித்திரங்கள் நகர்வதைக் கண்டு சிறுவர் வியந்தனர். 1951-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பை முடித்தார். உரிமம் பெறுவதற்கான தேர்விலும் வென்றார். மருத்துவமா, சித்திரமா என்னும் ஐயம் எழுந்தபோது, உண்மையில் விரும்புவது எதுவோ அதனையே செய்க என்று தாயார் கூறினார். மகன் சித்திரத்தைக் கைக்கொண்டார். ஆயினும் தொடங்கியதை அரைகுறையாக விடுதல் அவர் இயல்பன்று. 1961-ஆம் ஆண்டில், குளத்து நத்தையின் உயிரணுக்களைப் பற்றி ஆராய்ந்து, நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முனைவர் பட்டமும் பெற்றார்.

1952-ஆம் ஆண்டு ஏப்ரலில், சிறுவர் மாத இதழ் ஒன்றில் அவர் தொடங்கிய கதையே அவர் பெயரை உலகறியச் செய்தது. டென்மா என்னும் அறிவியலறிஞர் கார் விபத்தில் தம் ஒரே மகனை இழக்கிறார். துயரம் தாளாது, மகனின் உருவிலேயே இயந்திரச் சிறுவன் ஒருவனைச் செய்கிறார். நூறாயிரம் குதிரைத் திறன் கொண்டவன் அவன், வானில் பறப்பான், பல மொழிகளைப் பேசுவான், ஆனால், வளரமாட்டான். வளராத பிள்ளையைக் கண்டு வெறுப்புற்ற டென்மா அவனைச் சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார். ஒசனோமிசு என்னும் நல்லறிஞர் அவனை மீட்டு வளர்க்கிறார். அணு என்று பொருள்படும் அட்டோமு என்பதே அவன் பெயர். மனிதர்க்காகப் போராடினும் மனிதனாக மதிக்கப்படாதவன். இயந்திரங்களுக்காகப் பரிந்து பேசினும் அவற்றாலும் முழுதும் நம்பப்படாதவன். வெறும் வீரசாகசக் கதையென்று இதனைத் தள்ளிவிடுதல் பொருந்தாது. தந்தையால் கைவிடப்பட்ட குழந்தையின் தனிமையே கதையின் உயிர்நாடி.

பொருள் சேர்ந்ததும் டெசுகா தம் பழைய உறுதிமொழியை நிறைவேற்றத் தலைப்பட்டார். 1961-ஆம் ஆண்டில் ஒரு சிறு குழுவைத் திரட்டினார். அதுவே முஷி படநிலையமாக வளர்ந்தது. அட்டோமுவின் கதையை வாரந்தோறும் அரைமணி நேரம் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராகக் காட்டுவது என்று முடிவு செய்தார். கேட்டவர் நகைத்தனர். காரணம் யாதெனில், திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். கைகால் அசைவு ஒவ்வொன்றையும் தனித்தனியே வரையவேண்டுமாயின் அரைமணிக் கதைக்குப் பல்லாயிரம் சித்திரங்கள் தேவை. பெரிய நிறுவனங்கள் ஒரு முழுநீளப் படத்துக்கு ஓராண்டும் அதற்கு மேலும் உழைத்துவந்தன. இவரோ ஏழே நாளில் ஒரு கதை தருவதாகக் கூறினார்.

அதற்கு அவர் கண்ட வழி சிக்கனம். ஒரே சித்திரத்தை மூன்று முறை படம் பிடித்தனர். ஆக நொடிக்கு எட்டுச் சித்திரங்களே போதும். பேசும்போது முகம் அசையாது, வாய் மட்டும் அசையும். பறக்கும் காட்சி, ஓடும் காட்சி ஆகியவற்றின் சித்திரங்களைச் சேமித்து வைத்து, வெவ்வேறு கதைகளுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். சில இடங்களில் ஒரே படம் அசைவின்றி நிற்க, ஓசையும் இசையுமே கதையை நடத்தின. அசைவில் குறைந்ததைக் கதையின் விறுவிறுப்பால் ஈடுசெய்தார். இல்லாமையிலிருந்து பிறந்த அம்முறையே பின்னர் அந்நாட்டுக் கார்ட்டூன் படங்களுக்குத் தனி நடையாக அமைந்துவிட்டது.

1963-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மாலை, ஃபூஜி தொலைக்காட்சியில் அட்டோமு தோன்றினான். மெய்ஜி என்னும் மிட்டாய் நிறுவனம் செலவுக்குப் பொருளளித்து விளம்பரம் பெற்றது. அதன் சாக்லெட்டுடன் வந்த அட்டோமு படங்களை ஒட்டாத வீட்டுச் சுவர் இல்லை எனலாம். 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு கதையை நூற்றுக்கு நாற்பது வீட்டார் பார்த்தனர் என்று கணக்கிட்டனர். நான்காண்டுகள் ஓடிய அத்தொடரில் 193 கதைகள் வந்தன. 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் ஒளிபரப்பான இறுதிக் கதையில், உலகைக் காக்கும்பொருட்டு அட்டோமு கதிரவனை நோக்கிப் பறந்து செல்கிறான், திரும்பவில்லை. மறுநாள் புத்தாண்டு. எத்தனை பிள்ளைகள் அன்று கண்கலங்கினரோ!

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. வேறு எவரும் போட்டிக்கு வாரா வண்ணம், டெசுகா தம் படத்தை ஆகும் செலவினும் மிகக் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சிக்கு விற்றார். எஞ்சிய தொகையைத் தம் சித்திரக்கதை வருவாயாலும், பொம்மை முதலியவற்றுக்கு உருவத்தைப் பயன்படுத்த அளித்த உரிமைப் பணத்தாலும் ஈடுகட்டினார். அவர்க்கு அது இயன்றது. ஆனால், அந்த விலையே பிறர்க்கும் அளவுகோலாயிற்று. படநிலையத்தில் இளைஞர்கள் இரவு பகலாக விழித்து வரைந்தனர். சிலர் மேசையடியிலேயே உறங்கினர். சித்திரப்படத் தொழிலாளரின் ஊதியம் பன்னெடுங்காலம் தாழ்ந்து கிடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பார் உளர். டெசுகா மறைந்த பின்னர், புகழ்பெற்ற படைப்பாளராகிய ஹயாவோ மியசாக்கியே இக்குறையை எடுத்துரைத்தார். டெசுகாவோ பிறரைக் காட்டிலும் தம்மையே மிகுதியாக வருத்திக்கொண்டவர். சில மணி நேரமே உறங்கி, ஒரே காலத்தில் பல இதழ்களுக்கு வரைந்துவந்தார். அதனால் அவர் மேல் குற்றமில்லை என்று ஆகிவிடாது.

தொழிலாளர்க்குச் சற்று ஓய்வு வேண்டியிருந்ததால், 34-ஆம் கதையை மட்டும் வெளியார் ஒரு குழுவிடம் ஒப்படைத்தனர். அக்குழுவினர் டோக்கியோவில் டெசுகா முன்பு குடியிருந்த டோக்கிவா விடுதியில் வாழ்ந்து, அவரைக் குருவெனப் போற்றிய இளஞ்சித்திரக்காரர்கள். பின்னாளில் தாமும் பெரும்புகழ் எய்தியவர்கள். ஆனால், ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் வரைந்தமையால் காட்சிக்குக் காட்சி அட்டோமுவின் முகம் மாறியது. டெசுகாவுக்கு அக்கதை பிடிக்கவில்லை. பிற்காலத்தில் அதன் ஜப்பானிய மூலச்சுருள் கிடைக்காமற் போக, கடல் கடந்து சென்ற ஆங்கிலப் படியே அதற்குத் துணையாயிற்று.

கடல் கடந்த வரலாறு சுவையுடையது. 1963-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தைச் சார்ந்த பிரிவொன்று அத்தொடரை வாங்கியது. ஃபிரெட் லாட் என்பவர் அதனை ஆங்கிலத்தில் அமைத்தார். அட்டோமு அங்கே ஆஸ்ட்ரோ பாய் ஆனான். 104 கதைகள் மொழிமாற்றம் பெற்றன. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏலாதவை எனக் கருதப்பட்ட சில கதைகள் ஒதுக்கப்பட்டன. தாம் காண்பது ஜப்பானியப் படம் என்பதைப் பார்த்த சிறுவர் பலர் அறியார். காலம் சென்றது. வண்ணப்படங்கள் வந்தபின் கறுப்பு வெள்ளைப் படத்தை நாடுவார் அருகினர். உரிமக் காலம் முடிந்ததும், 1970-களில், அமெரிக்காவிலிருந்த ஆங்கில மூலச்சுருள்கள் அழிக்கப்பட்டன. எனினும் தனியார் சிலர் படச்சுருள்களைப் பேணி வைத்திருந்தனர். அவற்றைத் தேடித் தொகுத்து, 1989-ஆம் ஆண்டில் வீடியோ நாடாக்களாக வெளியிடத் தொடங்கினர். பின்னர் அவை டி.வி.டி. தட்டுகளாகவும் வந்தன. சீன நாட்டிலோ 1980-ஆம் ஆண்டு டிசம்பரில் அத்தொடர் தேசியத் தொலைக்காட்சியில் காட்டப்பெற்று, அந்நாட்டுப் பிள்ளைகளின் உள்ளத்தைக் கவர்ந்தது.

1965-ஆம் ஆண்டில் வெண்சிங்கக் குட்டியொன்றைத் தலைவனாகக் கொண்ட ‘காட்டரசன்’ என்னும் தொடரை முழு வண்ணத்தில் எடுத்தார். அதன் பின்னர்ச் செல்வம் சுருங்கியது. 1971-ஆம் ஆண்டில் அவர் முஷி நிலையத்தின் தலைமையினின்று விலகினார். 1973-ஆம் ஆண்டில் நிலையம் நொடித்துப்போயிற்று. கடன் அவர் தலைமேல் விழுந்தது. அவர் காலம் முடிந்தது என்று பலர் கருதினர். அவ்வாண்டின் இறுதியில், ஒரு வார இதழ் அவருக்குச் சில பக்கங்கள் அளித்தது. வழியனுப்பு உபசாரம் போன்றதே அது. உரிமம் இல்லாத, ஆனால் கைத்திறனில் ஒப்பற்ற அறுவை மருத்துவன் ஒருவனைப் பற்றிய ‘பிளாக் ஜாக்’ என்னும் கதையை அவர் அதில் எழுதினார். ஒருகால் தாம் கைவிட்ட மருத்துவம் இப்போது அவரைக் கைதூக்கிவிட்டது. அக்கதை பத்தாண்டு அளவும் தொடர்ந்தது. கபிலவத்துவில் வளர்ந்த அண்ணலின் வரலாற்றை ‘புத்தர்’ என்னும் நெடிய சித்திரக்கதையாக 1972 முதல் 1983 வரை வரைந்ததும் இக்காலத்தில்தான். 1980-இல் அட்டோமு வண்ணத் தொடராக மீண்டும் வந்தான்.

1988-ஆம் ஆண்டு நவம்பரில் ஷாங்காய் நகரில் நடந்த கார்ட்டூன் பட விழாவுக்கு, நோயுற்ற உடலோடு சென்று திரும்பினார். வயிற்றில் புற்றுநோய். அந்நாட்டின் அக்கால வழக்கப்படி மருத்துவர் அதனை அவர்க்கு வெளிப்படையாகக் கூறவில்லை. மருத்துவமனைக் கட்டிலிலும் அவர் பலகையை மடிமேல் வைத்து வரைந்துகொண்டிருந்தார். எழுதுகோலைப் பறித்தவரிடம், வேலை செய்யவிடுமாறு இறைஞ்சினார். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், அறுபதாம் வயதில், உயிர் நீத்தார். அவர் வரைந்த பக்கங்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம். இசைமேதை பீத்தோவனைப் பற்றிய கதை உட்பட மூன்று கதைகள் முற்றுப்பெறாது நின்றன.

டெசுகா தம் கதையில், அட்டோமு பிறந்த நாளாக 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாளைக் குறித்திருந்தார். அவ்வாண்டும் வந்தது. வானில் பறக்கும் இயந்திரப் பிள்ளை எங்கும் பிறக்கவில்லை. ஆயினும் டோக்கியோவை அடுத்த நீசா நகரத்தார், அட்டோமுவின் பெயரைத் தம் நகரக் குடிமக்கள் பதிவேட்டில் முறைப்படி எழுதிக்கொண்டனர்.