மன்னிப்புக்கும் வாக்குமூலத்துக்கும் நடுவே 40 ஆண்டுகள்

சில மாதங்களுக்கு முன் வன்னியில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். நடுத்தர வயதுடைய ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். யுத்த காலத்தில் செய்யக்கூடாத காரியங்களைச் செய்ததாகவும், இயேசு அவற்றையெல்லாம் கழுவிவிட்டதாகவும், இப்போது நிம்மதியாக நித்திரை கொள்வதாகவும் சொல்லி அழுதார். என்ன காரியங்கள் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் பேசாமல் இருந்தார். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டார். ஆண்டவர் மன்னித்தது சரி, அந்த மனிதர் யாருக்குப் பிழை செய்தாரோ அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டாரா என்பதுதான் அவருடைய கேள்வி. அவருடைய மகனைப் பற்றி 2009 முதல் எந்தத் தகவலும் இல்லை.

அன்றைய கூட்டத்தில் ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் மெட்டில் ஒரு பாடலும் பாடினார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் ஜோன் நியூட்டன் என்ற ஆங்கிலேயப் போதகர். அவரைப் பற்றி நம் சபைகளில் சொல்லப்படும் கதை சுருக்கமானது: அடிமை வியாபாரி ஒருவர் கடலில் புயலில் அகப்பட்டார், கடவுளைக் கூப்பிட்டார், மனந்திரும்பினார், வியாபாரத்தை விட்டார், பாட்டு எழுதினார். அம்மாவின் கேள்வியோடு நான் நியூட்டனின் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோது, நடந்த ஒழுங்கு வேறு என்று கண்டேன்.

நியூட்டன் 1725இல் லண்டனின் துறைமுகப் பகுதியான வொப்பிங்கில் பிறந்தார். பக்தியுள்ள தாய் அவருக்கு ஏழு வயது ஆகுமுன்பே காசநோயால் இறந்தார். தகப்பன் ஒரு கப்டன். 11 வயதில் மகனையும் கடலுக்குக் கூட்டிச்சென்றார். வாலிபத்தில் நியூட்டன் பலவந்தமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, தப்பியோட முயன்று பிடிபட்டு, எல்லோர் முன்னிலையிலும் கசையடி பட்டார். மேற்கு ஆபிரிக்காவுக்குப் போகும் கப்பலுக்கு மாற்றப்பட்டு, கடைசியில் சியேரா லியோன் கரையோரம் ஒரு அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நோயும் பட்டினியுமாகக் கிடந்தார். அந்த நாட்களில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த சொற்ப உணவிலிருந்து ஒரு பங்கை அவருக்கு இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் அவரேதான்.

1748 மார்ச் 21ஆம் திகதி, அவர் ஏறியிருந்த ‘கிரேஹவுண்ட்’ கப்பல் வட அத்திலாந்திக்கில் புயலில் உடைந்தது. மேல்தளத்துக்கு ஏறப்போன அவரை, ஒரு கத்தியை எடுத்துவரும்படி கப்டன் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே போன மனிதரை அலை அடித்துக்கொண்டு போனது. மணிக்கணக்காகத் தண்ணீரை இறைத்தபடி, பல வருடங்களாகத் தான் கேலி செய்துவந்த கடவுளிடம் நியூட்டன் இரக்கம் கேட்டார். சுமார் நான்கு வாரங்களின் பின் கப்பல் அயர்லாந்துக் கரையைச் சேர்ந்தது. அந்தத் திகதியை அவர் சாகும்வரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

சபைகளில் சொல்லும் கதை இந்த இடத்தில் பாட்டுக்குத் தாவிவிடும். உண்மையில் அதே 1748இல் அவர் ஓர் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாகப் போனார். அந்தக் கப்பல் 218 பேரை ஏற்றிக்கொண்டு ஆபிரிக்கக் கரையைவிட்டுப் புறப்பட்டது. தென் கரோலினா போய்ச்சேருமுன் 62 பேரைக் கடலில் போட்டார்கள். பிறகு 1750க்கும் 1754க்கும் இடையில் மூன்று பயணங்களில் அவரே கப்டன். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். வேதம் வாசித்தார், மனைவி மேரிக்கு அன்பு நிறைந்த கடிதங்கள் எழுதினார். அவருடைய காலடியில், கப்பலின் கீழ்த்தளத்தில், மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். கிளர்ச்சிக்குத் திட்டமிடுவதாகச் சந்தேகித்தபோது சிறுவர்களின் பெருவிரல்களை நசுக்கும் கருவியில் வைத்து விசாரித்ததை அவருடைய கப்பல் குறிப்பேடே சொல்கிறது. இறந்தவர்களை அந்தக் குறிப்பேடு எண்களால்தான் பதிந்திருக்கிறது. பெயர்கள் இல்லை.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். அவர் வேஷக்காரர் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் அவர் வேஷக்காரர் அல்ல. தனக்குத் தெரிந்த பாவங்களோடு அவர் உண்மையாகவே போராடினார். தூஷண வார்த்தைகளை விட்டார், நாத்திகத்தை விட்டார், பழைய ஒழுக்கக்கேட்டை விட்டார். அடிமை வியாபாரம் அவருடைய பாவப் பட்டியலிலேயே இருக்கவில்லை. சட்டம் அதை அனுமதித்தது. கனவான்கள் அதில் பணம் போட்டார்கள். எந்தப் போதகரும் அவரைக் கண்டிக்கவில்லை. ஒரு சிறைக்காவலன் போல இருக்கிறோமே என்ற அருவருப்பு மட்டும் அவருக்கு இருந்தது, வேறு தொழில் தரும்படி ஜெபித்தார். 1754இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் மனச்சாட்சி அல்ல. திடீரென வந்த ஒரு வலிப்பும் மயக்கமுமே காரணம்.

அதன்பின் லிவர்பூலில் துறைமுக அதிகாரியாக வேலை செய்தபடியே கிரேக்கமும் எபிரேயமும் கற்றார். 1764இல் குருப்பட்டம் பெற்று ஒல்னி என்ற சிற்றூருக்குப் போதகரானார். லேஸ் பின்னும் ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. மனநோயால் துன்பப்பட்ட கவிஞர் வில்லியம் கூப்பரை வருடக்கணக்காகத் தாங்கிப் பிடித்தார். 1773ஆம் ஆண்டின் புதுவருட ஆராதனைக்கென்று எழுதியதுதான் அந்தப் புகழ்பெற்ற பாடல். தன்னைக் கெட்டவன் என்று அதில் மனதார அறிக்கையிட்டார். ஆனால் கப்பலில் இருந்தவர்களைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. 1764இல் வெளியான அவருடைய வாழ்க்கை வரலாறும் அந்த வியாபாரத்தைப் பாவம் என்று கண்டிக்கவில்லை.

1780இல் அவர் லண்டனின் சென் மேரி வூல்நொத் ஆலயத்துக்கு மாறினார். வாழ்க்கையில் வழி தெரியாமல் நின்ற பலர் அவரைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கிளோடியஸ் புக்கானன். வீட்டாருக்குப் பொய் சொல்லிவிட்டு லண்டனில் அலைந்தவர் அவர். பின்னாளில் இந்தியாவில் குருவாகப் பணியாற்றி, 1806இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்து இங்கிருந்த பழைய ஆலயங்களைப் பற்றி எழுதியவரும் அவரே.

தேடி வந்த இன்னொருவர் இளம் பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்போஸ். 1785 டிசம்பரில் யாருக்கும் தெரியாமல் வந்து, அரசியலை விட்டுவிடவா என்று கேட்டார். பாராளுமன்றத்திலேயே இருந்து ஊழியம் செய்யும்படி நியூட்டன் அறிவுரை சொன்னார். வில்பர்போஸ் அடிமை வியாபாரத்துக்கு எதிரான போராட்டத்தைக் கையிலெடுத்தார். அந்தப் போராட்டத்துக்குக் கண்ணால் கண்ட சாட்சிகள் தேவைப்பட்டார்கள்.

1788இல், 62 வயதில், நியூட்டன் ஆபிரிக்க அடிமை வியாபாரம் பற்றிய தன் சிந்தனைகளைச் சிறுநூலாக வெளியிட்டார். புயலில் மன்னிப்புக் கேட்டு 40 ஆண்டுகள், கப்பலைவிட்டு இறங்கி 34 ஆண்டுகள். இந்த முறை அவர் பொதுவான வார்த்தைகளில் பேசவில்லை. ஐந்து அடி உயரமான தளத்தை இரண்டாகப் பிரித்து மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று எழுதினார். கசையடியையும் விரல் நசுக்கும் கருவியையும் எழுதினார். பெண்கள் மீதான வன்முறையை எழுதினார். இரவில் அழுத கைக்குழந்தையைத் தாயிடமிருந்து பறித்துக் கடலில் எறிந்த ஓர் அதிகாரியைப் பற்றி எழுதினார். அந்த 218 பேரையும் 62 பேரையும் தன் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதினார். தானும் அதில் பங்காளி என்பதையும், இந்த ஒப்புதல் எதையும் ஈடுசெய்யப் பிந்திப்போனது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அந்த நூல் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு விநியோகிக்கப்பட்டது. அரச ஆலோசனைச் சபையின் முன்பும், 1790இல் பொதுச்சபைக் குழுவின் முன்பும் அவர் நேரில் சாட்சியமளித்தார். மதிப்புக்குரிய வயோதிபப் போதகர் ஒருவர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்வது அந்தக் காலத்திலும் சின்ன விடயம் அல்ல. சட்டம் வர இன்னும் 17 ஆண்டுகள் எடுத்தது. அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச் 25இல் நிறைவேறியது. பார்வை மங்கிப்போயிருந்த நியூட்டன் அதைக் கேட்டறிந்தார். அதே வருடம் டிசம்பர் 21இல், 82 வயதில் இறந்தார்.

விசுவாசம் மனிதனை மாற்றும் என்பதை நியூட்டனின் வாழ்க்கை பொய்யாக்கவில்லை. அந்த 1788ஆம் ஆண்டு நூலை எழுத வைத்ததும் அதே விசுவாசம்தான். ஆனால் மாற்றம் ஒரே இரவில் முடிந்துவிடவில்லை. தன் பலவீனம் எது என்று அவரே தெரிவுசெய்த காலம் வரைக்கும் பெரிய பாவம் பட்டியலுக்கு வெளியேயே இருந்தது. கடவுளிடம் தனியாக அழுதது அவருக்கு நிம்மதியைத் தந்தது. கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு அது எதையும் தரவில்லை. நடந்ததை நடந்தபடி, கேட்கவேண்டியவர்கள் கேட்கும் இடத்தில் சொன்ன பிறகுதான் அவருடைய மனந்திரும்புதல் மற்றவர்களுக்கும் பயன்பட்டது.

நம் மண்ணில் நடந்தவற்றையும் பலர் அறிவார்கள். கைது செய்தவர்கள், காவல் நின்றவர்கள், வாகனம் ஓட்டியவர்கள், கையொப்பமிட்டவர்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். அவர்கள் ஒரே இனத்தவரோ ஒரே சீருடையினரோ அல்ல. விகாரையிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் அவர்கள் நம்மோடு கும்பிடுகிறார்கள். சாட்சி சொல்பவருக்கு உயிர் அச்சுறுத்தல் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நியூட்டனுக்கு அது இருக்கவில்லை. அப்படியிருந்தும் அவருக்கு 34 ஆண்டுகள் எடுத்தது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் கையில் வைத்திருந்த படங்களின் கீழே எண்கள் இல்லை, பெயர்கள் இருந்தன.

அந்த அம்மாவைப் பிறகு ஒருநாள் சந்தித்து இந்தக் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். உண்மையைச் சொன்னபோது அந்தப் போதகருக்கு எத்தனை வயது என்று விசாரித்தார். 62 என்றேன். தனக்கு 71 நடக்கிறது என்றார். அந்த மனிதர் அடுத்த கூட்டத்துக்கு வந்தால் இந்தக் கதையை அவருக்கும் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.